பழைய மெட்டல் டிடெக்டரே போதுமா, புதுசு வாங்கணுமா? கீழடி மண் சொல்லும் பதில்

யூடியூபிலும் இன்ஸ்டா ரீல்ஸிலும் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு வயல். ஒருவர் மெட்டல் டிடெக்டரை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே நடக்கிறார். 'பீப்' சத்தம் வருகிறது. சின்ன மண்வெட்டியால் ஒரு குத்து, உள்ளங்கையில் ஒரு ரோமானியக் காசு. முப்பதே நொடிகளில் வரலாறு கையில்!

மதுரைப் பக்கம் வளர்ந்த ஒருவருக்கு இது சும்மா வேடிக்கை இல்லை. வைகை மணலில் சின்னச் சின்ன ரோமச் செப்புக்காசுகள் கிடைப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய நாணயச் சேகரிப்பாளர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். நகரத்திலிருந்து 12 கிலோமீட்டரில் கீழடி. 'நம்ம ஊர் மண்ணிலும் ஆட்டிப் பார்த்தால் என்ன?' என்று தோன்றுவது இயல்புதான். அடுத்து வருவது பட்ஜெட் கேள்வி: செகண்ட் ஹேண்டில் பத்து, பதினைந்து வருஷத்துப் பழைய மாடல் போதுமா, இல்லை லட்சத்தைத் தொடும் புதிய மாடல்தான் வேணுமா?

முதலில் நேரடிப் பதில். கருவியாக மட்டும் பார்த்தால், பழசு இன்னும் நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள மண்ணில் எது முக்கியமோ, அது பழசு புதுசு இரண்டின் கண்ணிலும் படாது. கண்ணில் படும் கொஞ்சத்தையும் தனியாள் தோண்டி எடுத்தால், அதன் பாதி மதிப்பு அந்தக் குழியிலேயே போய்விடும்.

பழசு ஏன் இன்னும் ஓடுகிறது?

பத்து வருஷத்துப் பழைய செல்போனில் இன்று பாதி ஆப் திறக்காது. மெட்டல் டிடெக்டர் கதை அப்படி இல்லை. அதற்குள் நடப்பது அடிப்படை இயற்பியல். வட்டத் தலையில் உள்ள ஒரு கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். அவை உருவாக்கும் எதிர்க் காந்தப்புலத்தை இன்னொரு சுருள் பிடிக்கிறது. அவ்வளவுதான். கெர்ஹார்ட் ஃபிஷர் 1937-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கருவிக்கும் இன்றைய மாடலுக்கும் அடித்தளம் ஒன்றே.

ஆழம்தான் எல்லோரும் கேட்கும் முதல் விஷயம். அங்கேதான் இயற்பியல் கறாராக இருக்கிறது. போகும்போது காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. திரும்பி வரும்போதும் அதே கணக்கு. ஆக, ஒரு சின்னக் காசு இரண்டு மடங்கு ஆழத்தில் இருந்தால், திரும்பி வரும் சிக்னல் கிட்டத்தட்ட 64-ல் ஒரு பங்குதான். மாற்றிச் சொன்னால், ஒரு கம்பெனி தன் கருவியின் உணர்திறனை இரண்டு மடங்கு ஆக்கினாலும் கூடுதலாகக் கிடைக்கும் ஆழம் சுமார் 12 சதவீதம். 20 சென்டிமீட்டரில் காசைப் பிடித்த கருவி, இப்போது 22-ல் பிடிக்கும். இதனால்தான் 'புதுசு வந்தாச்சு, பழசு வேஸ்ட்' என்று இந்தத் துறையில் சொல்ல முடிவதில்லை.

பிரபலமான உதாரணம் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் புதையல். 2009 ஜூலையில் டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் அதைக் கண்டுபிடித்தபோது கையில் இருந்தது சுமார் 14 வருஷப் பழைய டிடெக்டர். கிடைத்தது சுமார் 4 கிலோ தங்கம். மதிப்பு 32.85 லட்சம் பவுண்டு. சரியான வயலில் நின்ற பழைய கருவி, தப்பான வயலில் நின்ற எல்லாப் புதிய கருவிகளையும் ஜெயித்துவிட்டது.

புதுசு எங்கே ஜெயிக்கிறது?

முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் அது பொய். மண்ணே இரும்புத் தாதுவால் சத்தம் போடும் இடங்களில்தான் வித்தியாசம் தெரியும். மேலூர்ப் பக்கச் செம்மண்ணை எடுத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் பழகிய காரெட் ஏஸ் 250 மாதிரியான பழைய கருவி 6.5 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில் ஓடுகிறது. மண்ணுக்கு ஏற்ப அதைச் சரிசெய்யும் வசதி பயன்படுத்துபவர் கையில் இல்லை. 2018-ல் சந்தைக்கு வந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ் வகையறா ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பி, மண்ணின் சத்தத்தைக் கழித்துவிட்டு உலோகத்தின் சத்தத்தை மட்டும் தர முயல்கிறது. மூன்று மீட்டர் தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும். பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் ஆணியையும் காசையும் பிரித்துச் சொல்லும் வேகமும் அதிகம். வைகையோர வண்டல் மாதிரி அமைதியான மண்ணில் இந்த இடைவெளி சுருங்கிவிடும்.

சின்னத் தங்கத்திலும் புதுசுக்கே பாயின்ட். கீழடிக்குப் பக்கத்தில் அகரத்தில் 2020-ல் 'வீரராயன் பணம்' என்ற தங்கக்காசு கிடைத்தது. அகலம் ஒரு சென்டிமீட்டர், எடை 300 மில்லிகிராம். இவ்வளவு சின்னப் பொருளைக் குறைந்த அதிர்வெண் கருவிகள் எளிதில் தவறவிடும். ஆனால் ஒரு விஷயம் கவனிக்கணும். அந்தக் காசு எந்த 'பீப்' சத்தத்தாலும் கிடைக்கவில்லை. அகழாய்வுக் குழியில், அடுக்கடுக்காக மண்ணை எடுத்தபோது கிடைத்தது.

திரையில் எண் காட்டி 'இது காசு, இது குப்பை' என்று சொல்லும் வசதியையும் ரொம்ப நம்பக் கூடாது. மெல்லிய தங்கமும் அலுமினியத் தாளும் பெரும்பாலும் ஒரே எண் வரிசையில்தான் விழும். இன்றைய கண்மாய்க் கரையில் மாத்திரை அட்டையும் பாட்டில் மூடியும் எவ்வளவு கிடக்கும் என்று மதுரைக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

'புதுசு' என்ற பெயரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நூறு மீட்டர் தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும், பத்து மீட்டர் ஆழம் பார்க்கும் என்றெல்லாம் ஆன்டெனா வைத்த பெட்டிகள் விற்கப்படுகின்றன. மேலே சொன்ன 64-ல் ஒரு பங்கு கணக்கு தெரிந்தவர்கள் இதில் சிக்க மாட்டார்கள். ஏடிஇ 651 என்ற போலி வெடிகுண்டு டிடெக்டரை இராக் அரசே காசு கொடுத்து வாங்கியது. உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவுமே இல்லை. அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை கொடுத்தது. இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் என்று தமிழ்நாட்டில் நடந்த மோசடிகளின் பெரியண்ணன் அது.

ஆனால் கீழடி 'பீப்' அடிக்காது

இனிதான் மேட்டரே. காசு அளவுள்ள பொருளைப் பழைய கருவியோ புதிய கருவியோ பிடிப்பது சாதாரணமாக 20, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குள். கீழடியின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோன மாதிரி எங்கே கிடைத்தது? 353 சென்டிமீட்டர் ஆழத்தில். அது உலோகமும் இல்லை, கரி. அமெரிக்க ஆய்வகத்தில் பரிசோதித்ததில் கி.மு. 580 என்று காலம் வந்தது. தமிழ்நாட்டின் வரலாற்றுப் பேச்சையே மாற்றிய அந்தக் கரித்துண்டின் மேல் ஒருவர் நாள் முழுக்க டிடெக்டரை ஆட்டினாலும் சத்தமே வராது.

2018-ல் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் 5,820 தொல்பொருட்கள் கிடைத்தன. தங்க அணிகலன் துண்டுகள் ஏழு. செம்பு, இரும்பும் உண்டு. ஆனால் கீழடியைக் கீழடி ஆக்கியவை வேறு. தமிழி எழுத்து பொறித்த 56 பானை ஓடுகள், செங்கல் கட்டுமானம், உறைகிணறு, நூல் நூற்கும் தக்களி, எலும்பு முனைகள், பகடை, மணிகள். சாதாரண மனிதர்கள் வீட்டுப் பானையில் தங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் செய்தி. அந்தச் செய்திக்கு உலோகத்தின் சத்தம் கிடையாது.

இரும்புக்கு வருவோம். ஏறக்குறைய எல்லா டிடெக்டரிலும் இரும்பை ஒதுக்கும் செட்டிங் இருக்கிறது. ஆணி, லாடம், வேலிக் கம்பி எல்லாம் தொந்தரவு செய்யாமல் இருக்க அதை 'குப்பை' என்று கழித்துவிடும். பொழுதுபோக்குக்காரர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் நடப்பார்கள். 2025 ஜனவரி 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை என்ன சொன்னது? தமிழ் நிலத்தில் இரும்பு 5,300 ஆண்டுகளுக்கு முன்பே புழங்கியது என்று. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் தாழிகள்தான் அதற்கு ஆதாரம். அங்கே இரும்புப் பொருட்களோடு ஒரே இடத்தில் கிடைத்த கரியையும் பானை ஓட்டையும் பரிசோதித்துத்தான் காலம் சொல்லப்பட்டது. அதாவது, மாநிலத்தின் மிகப் பெரிய தொல்லியல் வாதத்துக்கு அடிப்படையான பொருளை டிடெக்டர் 'குப்பை' என்று கழிக்கிறது. அப்படியே கழிக்காமல் காட்டி, ஒருவர் அதைத் தோண்டி எடுத்திருந்தாலும், கரி ஒரு பக்கமும் இரும்பு ஒரு பக்கமும் போயிருக்கும். மிச்சம் ஒரு துருப்பிடித்த துண்டு. வயது கிடையாது.

இடம் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாண்டியர் காசே சாட்சி. 'பெருவழுதி' என்று தமிழி எழுத்தில் பொறித்த செப்புக்காசை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளியுலகுக்குக் காட்டினார். சங்ககாலத்தில் பாண்டியர் காசு வெளியிட்டார்கள் என்பதை நிறுவிய அருமையான பொருள் அது. ஆனால் அகழாய்வில் கிடைத்ததல்ல. சேகரிப்பாளர் கைக்கு வந்து சேர்ந்தது. அதனால் அதன் காலத்தை எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் வாதாட வேண்டியிருக்கிறது. அந்தக் காசு கிடந்த மண்ணடுக்கும், பக்கத்தில் கிடந்த ஓடும் கரியும் தெரிந்திருந்தால்? ஒரு அரசனின் காலம் பற்றிய பல பத்தாண்டு விவாதம் எவ்வளவோ சுருங்கியிருக்கும்.

'எப்படியும் ஜேசிபி அள்ளிட்டுப் போகத்தானே போகுது?'

இது நியாயமான எதிர்க்கேள்வி. ரியல் எஸ்டேட், மணல் குவாரி, செங்கல் சூளை என்று மண் தினமும் போய்க்கொண்டிருக்கிறது. அதில் அழிவதைவிட ஒரு ஆர்வலர் கையில் கிடைப்பது மேல் இல்லையா? டிடெக்டரே தொல்லியலின் எதிரி என்று சொல்லவும் முடியாது.

1984-ல் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் தொல்லியலாளர்கள் டிடெக்டர்களை வரிசையாக நடக்கவிட்டு ஆய்வு செய்தார்கள். ஒவ்வொரு தோட்டாவும், ஒவ்வொரு தோட்டாக் கூடும் எங்கே கிடந்தது என்று துல்லியமாகக் குறித்தார்கள். 1876-ல் நடந்த சண்டையில் யார் எங்கிருந்து சுட்டார், எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பது வரை அதிலிருந்து எழுத முடிந்தது. 40 ஆண்டுகளுக்கு முந்தைய கருவிகள் அவை. இன்றைய பட்ஜெட் மாடலே அவற்றைவிட மேல். ஆனாலும் அவை வரலாற்றை மாற்றி எழுதின. காரணம், பொருளோடு சேர்த்து அது கிடந்த இடமும் பதிவானது.

தனிநபர் உதாரணமும் உண்டு. 1992-ல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னேவில் எரிக் லாஸ் என்பவர் தொலைந்துபோன ஒரு சுத்தியலைத் தேடி டிடெக்டர் ஆட்டினார். ரோமானியக் காசுகள் வரத் தொடங்கின. கொஞ்சம் எடுத்தவர், நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து முறையாகத் தோண்டினார்கள். சுமார் 15 ஆயிரம் காசுகள் கிடைத்தன. அவை இருந்த மரப்பெட்டி எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதும் தெரிந்தது. சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

ஆக, ஜேசிபி வாதம் பாதிதான் சரி. ஆர்வலர் எடுத்து, எங்கே எவ்வளவு ஆழம் என்று எழுதாமல் வீட்டு அலமாரியில் வைத்தால், வரலாற்றுக் கணக்கில் அவரும் ஜேசிபியும் ஒன்றுதான். பொருள் மட்டும் மிஞ்சும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியாவில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1878-ன் புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் அதில் 'புதையல்'. கிடைத்தவர் கலெக்டருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கணும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், தொல்லியல் இடங்களுக்கு 1958-ன் மத்தியச் சட்டமும் 1966-ன் தமிழ்நாட்டுச் சட்டமும் தனி. 1972-ன் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசும் தொல்பொருளே. சட்டம் கருவி புதுசா பழசா என்று கேட்பதில்லை. தோண்டியதையும் மறைத்ததையும்தான் கேட்கும்.

ஆனால் குறை ஆர்வலர்களிடம் மட்டும் இல்லை, சட்டத்திலும் இருக்கிறது. 1878-ல் எழுதியபோது போட்ட கணக்குப்படி, புதையலை அரசு எடுத்துக்கொண்டால் தரவேண்டியது அந்த உலோகத்தின் மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலும். தங்கக் கட்டிக்கு இது சரி. கால் விரல் நகம் அளவு பாண்டியர் செப்புக்காசுக்கு? செம்பின் விலை சில ரூபாய். சேகரிப்பாளர் சந்தையில் அதே காசுக்குப் பல மடங்கு விலை. நேர்மையாக ஒப்படைப்பவருக்குச் சில்லறை, ரகசியமாக விற்பவருக்கு நோட்டு என்றால் காசு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. இங்கிலாந்தின் 1996 புதையல் சட்டம் சந்தை மதிப்பின் அடிப்படையில் சன்மானம் தருகிறது. சாதாரண மக்கள் கண்டெடுப்பதைப் பதிவு செய்ய 1997 முதல் தனித் திட்டமே நடக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அதில் பதிவாகிவிட்டன.

அதை அப்படியே காப்பி அடித்து, 'எல்லோரும் டிடெக்டரோடு வயலுக்கு வாங்க' என்று சொல்லத் தேவையில்லை. இங்கே மண்ணுக்குள் கிடப்பது பெரும்பாலும் உலோகமே இல்லை என்பதைக் கீழடி காட்டிவிட்டது. எடுத்துக்கொள்ள வேண்டியது பாதி மட்டும். உழும்போது, கிணறு வெட்டும்போது, அஸ்திவாரம் தோண்டும்போது தற்செயலாகக் கிடைப்பதைப் பயமில்லாமல் சொல்ல ஒரு எளிய வழி. செல்போனில் போட்டோவும் இடமும் அனுப்பினால் ஒருவர் வந்து பார்க்கும் ஏற்பாடு. வரலாற்று மதிப்புக்கு ஏற்ற சன்மானம். கீழடிக்கு அருங்காட்சியகம் கட்டி 2023 மார்ச்சில் திறந்த அரசுக்கு, அடுத்த கீழடியைக் கண்டுபிடிக்கப்போகும் விவசாயியின் பக்கமும் நிற்க முடியும்.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

தோட்டத்தில் தொலைந்த மோதிரம், புல்லுக்குள் விழுந்த கொலுசு, வயலுக்கடியில் எங்கே போகிறது என்று தெரியாத பழைய இரும்புக் குழாய். இதற்கெல்லாம் செகண்ட் ஹேண்ட் பழைய மாடலே தாராளம். சுருளில் விரிசல் இல்லையா, வயர் இணைப்பு ஆடுகிறதா, பேட்டரிப் பெட்டிக்குள் பச்சை படிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். குழாய் பிவிசி என்றால் எந்த மாடலும் கத்தாது, அது வேற விஷயம்.

செம்மண் நிலத்திலோ தண்ணீருக்குள்ளோ தொலைந்த சின்னத் தங்கத்தைத் தேடும் தொழில்முறை வேலை என்றால் புதிய மாடலுக்குக் காசு போடுவதில் அர்த்தம் உண்டு.

பாண்டியர் காசு தேடி வைகைக் கரையிலும், கண்மாய் மேட்டிலும், பானை ஓடு இறைந்து கிடக்கும் திடல்களிலும் ஆட்டுவதற்கு என்றால், பழசும் வேண்டாம், புதுசும் வேண்டாம். வரலாறுதான் ஆர்வம் என்றால் கீழடிக்குப் பஸ் டிக்கெட் போதும். நடக்கும்போது காலில் ஏதாவது தட்டுப்பட்டால், எடுக்காமல் போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, கலெக்டர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்ல வேண்டும். அந்த ஒரு குறிப்புக்கு, லட்ச ரூபாய்க் கருவி தோண்டித் தரும் காசைவிட மதிப்பு அதிகம்.